ஐந்தாம் நம்பர் பியூஸ் கட்டை

பிப்ரவரி 1, சனி

போனஸ் கேட்டால் டைரி கொடுக்கிற கம்பெனி எங்களுடையது. கம்பெனிக்குச் சாயம் விற்கிற கடையிலிருந்து ஜனவரிக்கு வந்த டைரி, ஆபீஸ்காரர்கள் வேண்டியதை எடுத்ததுபோக, எங்கள் செக்கிங் டேபிளுக்கு இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது. பன்னிரண்டாவது வரை படித்தவள், எழுதித்தான் பார்ப்போமே என்று எழுதுகிறேன்.

பனியன் பீஸை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்குவது என் வேலை. பதினேழு வருடம் ஆயிற்று. அதனால் மனிதர்களைப் பார்த்தாலும் முதலில் டேமேஜ்தான் கண்ணில் படுகிறது.

இந்த வாரம் எனக்கு நாலு ஷிப்ட், என் கணவருக்கு மூன்று. ஆர்டர் இல்லையாம். ஆர்டர் இல்லாவிட்டால் கம்பெனிக்காரன் சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறான். நானும் கறியை நிறுத்தினேன், பால் பாக்கெட்டைப் பாதியாக்கினேன். கரண்டை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் லைன் வீட்டில் எட்டு வீடு, எட்டுக்கும் ஒரே ரேட்டு. ஒரு நாளைக்கு முப்பத்தைந்து ரூபாய். விளக்குப் போட்டாலும் முப்பத்தைந்து, போடாவிட்டாலும் முப்பத்தைந்து. இருட்டில் உட்கார்ந்திருந்தால் இருட்டுக்குக் காசு.

சனிக்கிழமை ஆறு மணிக்கு வீட்டுச் சொந்தக்காரர் நாச்சிமுத்து நோட்டோடு வந்துவிடுவார். நான் அவருக்கு முப்பத்தஞ்சு என்றே பெயர் வைத்துவிட்டேன்.

பொங்கலுக்கு ஆண்டிப்பட்டி போன இடத்தில் மாமியார் தவறிவிட்டார். காரியம் முடித்துத் திரும்பப் பதினான்கு நாள். வீடு பூட்டிக் கிடந்தது. அதற்கும் நானூற்றுத் தொண்ணூறு ரூபாய் கேட்கிறார்.

"பூட்டுன வீட்ல யாருங்க கரண்டு எரிச்சா? எலியா?" என்று கேட்டேன்.

"பேசுனது பேசுனபடிதானுங் அம்மணி. நாளுக்குத்தான ரேட்டு, ஆளுக்கில்லீங்களே" என்றார்.

கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மகள் மதிவதனிக்கு அடுத்த மாதம் பன்னிரண்டாவது பரீட்சை. கவர்மெண்ட் காலேஜில் நர்சிங் சீட்டு கிடைத்தால் என் பிறவி கடைத்தேறும். கிடைக்காவிட்டால் பிரைவேட்டில் சேர்க்க எங்களிடம் விற்பதற்கு ஒன்றும் இல்லை. அவளும் என் பக்கத்து டேபிளில் வந்து நின்று ஓட்டை பார்க்க வேண்டியதுதான். 

பிப்ரவரி 8, சனி

காலையில் ஐந்து மணிக்கு எழுந்து மாவு ஆட்டினேன். தோசை மாவு விற்பது என் கைத்தொழில். தெருவில் பாதி வீட்டுக்காரர்கள் வேலை இல்லாமல் ஊருக்குப் போய்விட்டதால் வாங்க ஆள் இல்லை. ஃபிரிட்ஜில் கிடந்து புளிக்கிறது.

ஆறாம் நம்பர் அமலோற்பவம், எங்கள் அமலா அக்காகூட இப்போது வாங்குவதில்லை. ஒண்டிக்கட்டை. கம்பெனியிலிருந்து பீஸை மூட்டையாக வாங்கி வந்து, வாசலில் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுகிறாள். முன்பெல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள் பத்து ரூபாய்க்கு மாவு வாங்குவாள். சர்க்கரை வந்துவிட்டதோ என்னவோ.

முப்பத்தஞ்சு வந்தார். இருநூற்று நாற்பத்தைந்து கொடுத்தேன். பழைய நானூற்றுத் தொண்ணூறைக் கேட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிப்ரவரி 19, புதன்

மாடிப்படிக்கு அடியில் இருக்கிற மெயின் மீட்டர் பலகையில் கரண்டு கனெக்ஷன் நம்பர் எழுதியிருக்கிறது. மதி அதை போனில் போட்டுப் பார்த்தாள். எட்டு வீட்டுக்கும் சேர்த்து, போன தடவை இரண்டு மாதத்துக்கு வீட்டுக்காரர் கட்டினது ஒன்பதாயிரத்துச் சொச்சம். எங்களிடம் வாங்கினது பதினாறாயிரத்து எண்ணூறு!

என் கணவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீ கேட்டதைத்தானே அவரு குடுத்தாரு" என்றார்.

இவருக்கு ஞாபகம் சரியில்லை. நான் கேட்டது வேறு. அது போன ஜூலையில். அப்போது வீட்டுக்கு ஒரு சப் மீட்டர் இருந்தது, எங்கள் மீட்டர் பேய் ஓட்டம் ஓடியது, நான் நியாயம் கேட்டேன். அவ்வளவுதான். அதை இப்போது கிளறி என்ன பயன்.

மார்ச் 1, சனி

எனக்கு மூன்று ஷிப்ட், இவருக்கு இரண்டு. வாரக் கூலியில் கரண்டுக்குப் போனது போக மீதியைப் பார்த்தால் அழுகை வருகிறது. அழமாட்டேன்.

அமலா அக்கா வீட்டில் ஃபேன் இல்லை. விற்றுவிட்டாளாம். காற்று ஒத்துக்கொள்ளவில்லையாம். இந்த வெயிலில்.

மார்ச் 5, புதன்

ரீடிங் எடுக்க ஆள் வந்து போனார். இனி மே மாதம்தான்.

மார்ச் 22, சனி

வாசலில் எட்டு வீட்டாரும் பார்க்க முப்பத்தஞ்சு என் மானத்தை வாங்கினார்.

"ரெண்டு மாசமாச்சுங். நானூத்தித் தொண்ணூறு ரூவா வராட்டி அஞ்சாம் நம்பர் பியூஸ் கட்டையப் புடுங்கிப் போடுவனுங். அப்பறம் என்னையச் சொல்லப்படாது."

"புடுங்கித்தான் பாருங்களேன்" என்றேன்.

திங்கட்கிழமை மதிக்கு பிசிக்ஸ். உள்ளே காதைப் பொத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 24, திங்கள்

நேற்று நடந்ததை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

சாயந்திரம் ஆறரைக்கு எங்கள் வீட்டில் மட்டும் கரண்டு போனது. மாடிப்படிக்கு அடியில் போய்ப் பார்த்தேன். ஒரு வீட்டுக்கு ஒன்றாக எட்டு வெள்ளைக் கட்டை இருக்கும், ஒவ்வொன்றிலும் சிவப்பு பெயிண்டில் நம்பர். ஐந்தாம் இடம் காலி.

எதிர்வீடுதான் அவருடையது. தெருவில் நின்று கூப்பிட்டேன். பெயர் சொல்லியும் கூப்பிட்டேன், பெயர் சொல்லாமலும் கூப்பிட்டேன். தோளில் துண்டோடு ஓடிவந்தார்.

"நான் எடுக்கலீங் அம்மணி. சொன்னது சொன்னனுங், ஆனா கைய வெக்கலீங்."

சனிக்கிழமை புடுங்குவேன் என்றவர், ஞாயிற்றுக்கிழமை புடுங்கவில்லையாம். யாராவது நம்புவார்களா? தெருவே சிரித்தது.

இவர் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "கடையில அறுவது ரூபா. நான் போயி ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்டிருறேன். புள்ளைக்கு நாளைக்குப் பரீட்சை" என்றார். விடவில்லை. புடுங்கினவன் கையாலேயே மாட்ட வேண்டும்.

அமலா அக்கா வெளியே வந்தாள். மதியின் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கா பரீட்சை?" என்று கேட்டாள். முகம் செத்துப்போய்விட்டது அவளுக்கு. உள்ளே போய் மெழுகுவர்த்தி கொண்டுவந்தாள். அப்புறம், "எங்க வீட்ல வந்து உக்காந்து படிக்கட்டுமே" என்று கூப்பிட்டாள். இந்த லைன் வீட்டில் மனசு என்று ஒன்று இருப்பது அவளுக்குத்தான். ஆனால் நான் அனுப்பவில்லை. வாசல் படியில் மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து மதியை அங்கேயே உட்காரவைத்தேன். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையை இருட்டில் தள்ளியவர் என்று தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான். பார்த்தார்கள். பத்து மணிவரை கூட்டம் கலையவில்லை. நானும் வாயை மூடவில்லை.

இன்று காலை ஏழு மணிக்கு முப்பத்தஞ்சே புதுக் கட்டை வாங்கி வந்து மாட்டிவிட்டுப் போனார். எடுக்காதவர் எதற்காகக் காசு போட்டு வாங்கி மாட்ட வேண்டும்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

மதி பரீட்சை எழுதிவிட்டு வந்து படுத்துக்கொண்டாள். கண் வீங்கியிருந்தது. இதற்கு நான் பழி வாங்காமல் விட்டால் என் பெயர் இந்திராணி இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

மாவு அளந்து ஊற்றிக்கொண்டிருக்கும்போது வழி கிடைத்தது. போட்டாலும் முப்பத்தைந்து, போடாவிட்டாலும் முப்பத்தைந்து. சொன்னது அவர்தானே? போடுகிறேன்.

மார்ச் 29, சனி

பரண்மேல் கிடந்த ஹீட்டர் ராடை இறக்கினேன். கேஸ் அடுப்பை மூடிவிட்டு, தவணைக்கு ஒரு கரண்டு அடுப்பு வாங்கினேன். சோறு, குழம்பு, வெந்நீர் எல்லாம் அதில்தான். கம்பெனி அயர்ன் மாஸ்டரிடம் பேசி, தினம் நூறு பீஸ் வீட்டுக்குக் கொண்டுவந்து இஸ்திரி போடுகிறேன். அதில் கைக்கும் நாலு காசு வருகிறது. ஃபேன் நிற்பதே இல்லை.

முப்பத்தஞ்சு வந்தபோது நானூற்றுத் தொண்ணூறையும் சேர்த்துக் கையில் வைத்தேன். திகைத்துப்போய்விட்டார்.

"பரவால்லீங் அம்மணி, மெதுவாக்கூடக் குடுங்" என்றார்.

"வெச்சுக்குங்க. தேவப்படும்" என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எல்லா வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். அவர் கட்டுகிறது இவ்வளவு, வாங்குகிறது இவ்வளவு என்று மதியின் போனைக் காட்டினேன். இரண்டாம் நம்பர் ஒடிசாக்காரர்களுக்குப் பாஷை புரியவில்லையே தவிர கணக்கு உடனே புரிந்துவிட்டது. சாயந்திரமே பழைய ஏர்கூலர் ஒன்று வாங்கி வந்துவிட்டார்கள்.

அமலா அக்கா மட்டும் பிசிறு வெட்டிக்கொண்டே, "எங்கிட்ட என்னம்மா இருக்கு, போடறதுக்கு?" என்றாள்.

என்னுடைய பழைய இஸ்திரிப் பெட்டியைத் தருகிறேன், சும்மாவாவது சூடு பண்ணி வையுங்கள் என்றேன். கத்திரியை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டினாள். சிலருக்கு நல்லது சொன்னாலும் ஏறாது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வடை, பாயசம் எல்லாம் கரண்டு அடுப்பில். மாடிப்படிக்கு அடியில் போய் மெயின் மீட்டரைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு மூச்சுவிடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. இந்த வருடம் நான் கண்ட நல்ல காட்சி அதுதான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கத்திரி வெயில் தொடங்கும் முன்னாலேயே காய்கிறது. ஆனாலும் வெந்நீரில் குளிக்கிறோம். இவர் முதுகெல்லாம் வேர்க்குரு.

"யாரப் பழி வாங்குற நீ? என்னையா, அவரையா?" என்று கேட்டார்.

மதியும் பேசுவதைக் குறைத்துவிட்டாள். சும்மா இருக்கும்போது கிரைண்டரைக் காலியாக ஓடவிட்டேன். "சத்தம் தாங்கலம்மா" என்று மட்டும் சொன்னாள். நிறுத்தினேன். பத்து நிமிடம் கழித்துத் திரும்பப் போட்டேன்.

மே 5, திங்கள்

ரீடிங். அதற்காக அரை ஷிப்ட் லீவு போட்டேன். ரீடிங் எடுக்கிறவர் மிஷினைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை பலகையைப் பார்த்தார். "இங்க கம்பெனி ஏதாச்சும் நடக்குதா?" என்று கேட்டார். வீடுதான் என்றேன். யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறுமே.

இருபத்தாறாயிரத்து முந்நூறு!

முப்பத்தஞ்சு பில்லைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். கேட்டு வாங்கினது பதினாறாயிரத்து எண்ணூறு, கட்ட வேண்டியது இருபத்தாறாயிரம். கையிலிருந்து போடட்டும். அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தேன். அப்படி ஒரு டீயை நான் குடித்ததே இல்லை.

மே 8, வியாழன்

ரிசல்ட். மதி பயாலஜியில் 93, கெமிஸ்ட்ரியில் 90. பிசிக்ஸில் 58.

மே 9, வெள்ளி

விசாரித்தாயிற்று. இந்த மார்க்குக்குக் கவர்மெண்ட் நர்சிங் சீட்டு கனவிலும் கிடையாது. இருபத்தாறாயிரம் போதாது அந்த ஆளுக்கு. வீட்டையே விற்றுக் கட்டினாலும் போதாது.

மே 10, சனி

வசூலுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றார். நோட்டு கையில் இல்லை.

"அம்மணி, ஒண்ணாந்தேதியிலிருந்து பழையபடி சப் மீட்டரே மாட்டிப் போடறனுங். அவங்கவங்க எரிக்கறத அவங்கவங்க கட்டிக்கிட்டாச் சரியாப் போச்சுங். தோத்துட்டனுங் நானு."

எட்டு வீடும் கைதட்டியது. ஒடிசாக்காரர்கள் எனக்கு மைசூர்பாகு கொடுத்தார்கள். மதி கதவைச் சாத்திக்கொண்டாள்.

அமலா அக்கா மட்டும், "ஒண்ணாந்தேதியா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு விரலை மடக்கி எண்ணினாள். "அதுக்குள்ள நான் காலி பண்ணிருவேனே" என்றாள்.

மே 24, சனி

அமலா அக்கா போய்விட்டாள். வேடசந்தூரில் தங்கச்சி வீட்டுக்கு.

இரண்டு பை, ஒரு பாய். அவ்வளவுதான் சாமான். பஸ்ஸுக்குப் போகிற வழியில் என் வாசலுக்கு வந்து, பனியன் துணியில் சுற்றின ஒன்றை நீட்டினாள்.

"இந்தா. இது உன்னோடது."

பிரித்தேன். வெள்ளைக் கட்டை. சிவப்பு பெயிண்டில் ஐந்து.

"எங்கக்கா கெடந்துச்சு?"

"எங்கயும் கெடக்கல. நாந்தான் எடுத்தேன்."

 அவள் நிறுத்தாமல் பேசினாள். இவ்வளவு பேசுகிறவள் என்று எனக்குத் தெரியாது.

"சப் மீட்டர் இருந்தப்ப, ஒத்த பல்புக்கும் ஒரு ஃபேனுக்கும் மாசம் நூறு ரூபா தாண்டாது எனக்கு. நீ மாவாட்டி விக்கிற, ஃபிரிட்ஜ் வெச்சிருக்க, உனக்கு எக்கச்சக்கமா வந்துச்சு. வாசல்ல நின்னு கத்துனியே, ஞாபகம் இருக்கா? மீட்டர் எல்லாம் பொய்யி, எல்லாருக்கும் நாளுக்கு ஒரே ரேட்டாப் போடுங்கன்னு. அந்தாளும் சரின்னுட்டாரு. அடுத்த மாசத்துலருந்து எனக்கு ஆயிரத்து அம்பது. நானூறு பீஸ் பிசிறு வெட்டுனா என்ன வரும்னு உனக்குத் தெரியாதா இந்திராணி? காலைல அஞ்சு மணிக்கு உன் கிரைண்டர் சத்தம் கேக்கும். அது என் காசுல ஓடுதுன்னு நெனச்சிக்கிட்டே படுத்திருப்பேன். பத்து மாசம்."

"சொல்லியிருக்கலாமேக்கா."

"எங்கிட்ட வந்து கேட்டியா, ஒரே ரேட்டு போடலாமான்னு?"

கட்டையைத் திரும்பத் துணியில் சுற்றினேன்.

"அந்தாளு கட்டையப் புடுங்குவேன்னு சொன்னாரா, நான் எடுத்தா அவரு தலையில விழும்னு எடுத்தேன். ஒரு ராத்திரி நீ இருட்டுல கெடன்னு. மறுநாள் பரீட்சைன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எடுத்திருக்க மாட்டேன்னு நெனைக்காத. ரெண்டு நாள் தள்ளி எடுத்திருப்பேன். தெரிஞ்ச ஒடனே திரும்ப மாட்டிரலாம்னு போனேன். அங்க தெருவே நின்னு கத்திக்கிட்டிருந்துச்சு. மெழுகுவர்த்தி குடுத்தேன். வீட்டுக்கு வந்து படின்னேன்."

பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். "புள்ளைகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. உங்கிட்டக் கேக்கல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மே 25, ஞாயிறு

தூக்கமில்லை. வேடசந்தூருக்கு நேரே பஸ் இருக்கிறது. தங்கச்சி வீட்டு வாசலில் போய் நின்று நான்கு தெரு கேட்கக் கத்தலாம். மூன்று தடவை பையை எடுத்தேன், மூன்று தடவையும் வைத்தேன். அவள் கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. அதனால் ஆத்திரம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

கட்டை என் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

எலெக்ட்ரீசியனைக் கூட்டிவந்து முப்பத்தஞ்சு சப் மீட்டர்களை மாட்டினார். இனி அந்தப் பெயரும் அவருக்குப் பொருந்தாது. எங்கள் மீட்டரை மாட்டி முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அம்மணி, ஊருல என்னைய வேற மாதிரிப் பேசறாங்க. படிக்கற புள்ளைய இருட்டுல வெச்சவன்னு. அந்தக் கட்டைய நான் எடுக்கலீங். எம் பேரப்புள்ளைக மேல சத்தியமுங்."

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். பீரோவைத் திறந்து எடுத்துக் காட்டியிருக்கலாம். பதினாறாயிரத்து எண்ணூறு வாங்கினாரே என்று நினைத்துக்கொண்டேன். "சரி விடுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

ஆனால் உள்ளே இருக்கிறதை யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. மதி தரையில் உட்கார்ந்து, இங்கேயே இருக்கிற ஆர்ட்ஸ் காலேஜுக்கு அப்ளிகேஷன் எழுதிக்கொண்டிருந்தாள். கட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"பாத்தியாடி! மெழுகுவர்த்தி குடுத்தாளே மகராசி, அவதான் புடுங்கியிருக்கா. உன் சீட்டப் பறிச்சது அந்த அமலோற்பவம்டி!"

அவளும் என்னோடு சேர்ந்து கொதிப்பாள் என்று நினைத்தேன். கட்டையைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, கீழே வைத்தாள். அப்ளிகேஷனில் அப்பா பெயரை எழுதினாள். கதிரேசன். அடுத்த வரியில் என் பெயர்.

எழுதி முடித்துவிட்டுத்தான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"அமலாக்கா வீட்ல லைட் எரிஞ்சுதும்மா. நீதான் போக விடல."

உளுந்து ஊறிக்கொண்டிருந்தது. இன்று மாவு ஆட்டவில்லை.